பதினாறாம் மூச்சுக்குப் பிறகு

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. வகுப்பின் வரிசை எண் 212. பதிவேட்டில் பெயருள்ளவர்கள் இருபத்திரண்டு பேர்; அன்று வந்தவர்கள் பதினேழு பேர். இடம், நூலகக் கட்டடத்தின் மேல்மாடிக் கூடம். ஜன்னல்கள் ஆறு, மின்விசிறிகள் நான்கு, அவற்றில் சுற்றுபவை மூன்று. பயிற்சி, திபெத்திய மென்யோகம். அசைவுகள் ஐந்து, ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் சிறிய அமர்வு, இறுதியில் இருபத்தேழு மூச்சு அளவுக்கு நீண்ட அமர்வு. ஆசிரியைக்கு வயது நாற்பத்தொன்பது. முன்பு ஆயத்த ஆடை ஆலையில் தையல் வரிசை மேற்பார்வையாளராகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள்.

இவற்றில் பெரும்பாலானவை அவளே தன் நீல அட்டை நோட்டில் எழுதி வைத்தவை. வகுப்புக்கு ஒரு பக்கம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். தேதி, வருகை, அசைவுகள், கடைசியில் 'அமர்வு: 27'. எல்லாப் பக்கங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். மார்ச் 4-ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் அடியில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: '16 – வலக்கை'.

அந்த ஒரு வரியைச் சொல்வதா விழுங்குவதா என்று ஐந்து நாட்கள் அவள் படாத பாடு பட்டாள்.

ஆலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்டாப்வாட்ச்'. அடையாள அட்டையோடு சேர்ந்து கழுத்தில் ஒரு கடிகாரம் எப்போதும் தொங்கும். சட்டைக் காலர் ஒன்றுக்கு முப்பத்தெட்டு விநாடி, கைப்பட்டை ஒன்றுக்கு இருபத்தாறு, பொத்தான் துளைக்கு ஐந்து. இயந்திரத்தின் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று, பத்துத் துண்டுகளுக்கு நேரம் எடுத்துச் சராசரி போடுவாள். இடையில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். எண்ணிக்கை உடைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

"அவ பக்கத்துல தும்மாதீங்கடி, அதையும் விநாடிக் கணக்குல எழுதிடுவா" என்று பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் நகத்தில் ஊசி ஏறியபோது, ஸ்டாப்வாட்ச் முதலில் கடிகாரத்தை அமுக்கி நேரத்தைக் குறித்துக்கொண்டு அதன் பிறகுதான் ஓடி வந்தாள் என்றொரு கதை அந்த ஆலையில் நெடுநாள் உலவியது. அதை அவள் மறுத்ததில்லை. நடந்தது அதுதான்.

நாற்பத்தைந்தாவது வயதில் கழுத்து இறுகிப்போனது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடுப்போடு சேர்த்துத் திரும்ப வேண்டும். தலைசுற்றல், கை மரத்துப்போதல், இரவெல்லாம் பல்லைக் கடித்தல். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் வலி குறைந்தது. இறுக்கம் அப்படியே இருந்தது. அந்த நாட்களில்தான் மருத்துவமனைப் பலகையில் மென்யோகப் பயிற்சி பற்றிய அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். உடம்பை வில்லாக வளைக்கும் வேலையெல்லாம் அங்கே கிடையாது. பக்கவாட்டில் கிடக்கும் கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்க ஒரு முழு நிமிடம். இறக்க இன்னொரு நிமிடம். பிறகு எதுவும் செய்யாமல் உட்கார்ந்து, தூக்கிய கையில் எழுந்த வெதுவெதுப்பு எங்கெல்லாம் பரவுகிறது என்று கவனிக்க வேண்டும். கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். கழற்றி வைத்தாள். முதல் வாரம் அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. ஐந்தாவது வாரம் கழுத்து இடப்பக்கம் திரும்பியது.

கடிகாரம் போனாலும் எண்ணும் பழக்கம் போகவில்லை. விநாடிகளை எண்ணியவள் மூச்சுகளை எண்ணினாள். தன் நிதானமான மூச்சு ஒன்றுக்கு ஒன்பது விநாடி என்பதும் அவளுக்குத் தெரியும். அதை ஒரு நாள் வீட்டில் ரகசியமாக அளந்து பார்த்திருந்தாள்.

எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு சான்றிதழ் வாங்கி, ஆலை வேலையை விட்டுவிட்டு, 2023 ஜனவரி 3 அன்று இந்தக் கூடத்தில் முதல் வகுப்பைத் தொடங்கினாள். வந்தவர்கள் நான்கு பேர். ஆலையில் அவளைக் கண்டால் வாயை மூடிக்கொண்டவர்கள்தாம் அதிகம். இங்கே அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தார்கள். அது அவள் வாழ்க்கையில் புதிது. இந்தக் கூடம் போனால் அந்த முகங்களும் போகும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

கதவில் மூன்று விதிகள் ஒட்டியிருந்தன. ஒன்று: வயிறு காலியாக வரவும், வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து எதுவும் உண்ண வேண்டாம். இரண்டு: கைபேசியை அணைத்து வைக்கவும். மூன்று: அமர்ந்திருப்பவரைத் தொடவோ அழைக்கவோ கூடாது. மூன்றாவது விதியின் கீழ் அவளே சிவப்பு மையால் கோடிட்டிருந்தாள்.

இந்த மூன்றாவது விதிக்குப் பரம எதிரி ஒருவர் இருந்தார். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்துமூன்று, வகுப்பில் எல்லாரும் அவரை 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். உட்கார்ந்தால் இருமுவார். இருமல் இல்லையென்றால் தொண்டையைச் செருமுவார். அதுவும் இல்லையென்றால் பக்கத்துப் பாயில் இருப்பவரின் காதில் ஏதாவது முணுமுணுப்பார்.

"மேடம், இவ்ளோ மெதுவா கையத் தூக்கினா எந்த பஸ்ஸும் நிக்காது. நானா இருந்தா அடுத்த ஸ்டாப்புக்கே போயிருப்பேன்."

"நீங்க கை காட்டினாலும் நிறுத்தாத ஆளுன்னு கேள்விப்பட்டேனே சார்."

"அது வேற விஷயம். அது டைமிங்கு. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. இந்த மனிதரை ஒரே ஒரு நாளாவது இருபத்தேழு மூச்சும் அசையாமல் உட்காரவைத்துவிட வேண்டும்.

மார்ச் 4 அன்று ஹாரன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தார். பாயை விரித்தார். எதுவும் பேசவில்லை.

"என்ன சார், இன்னைக்கு ஹாரன் ரிப்பேரா?"

லேசாகச் சிரித்ததோடு சரி.

"நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி தொடட்டும்" என்று அவள் தொடங்கினாள். "வாய் கொஞ்சமா திறந்திருக்கட்டும். மூக்கு வழியாவும் வாய் வழியாவும் மூச்சு சமமா வரட்டும். அவசரமே இல்ல. இப்போ கை தானா மேல வருது. நீங்க தூக்கல, அது வருது."

ஹாரனின் கை மற்றவர்களுடையதைவிட மெதுவாக எழுந்தது. பாதியில் நின்று, எங்கே போவது என்று யோசிப்பதுபோல் தயங்கி, மறுபடி நகர்ந்தது. இரண்டு வருடமாக அவரிடம் அவள் கேட்ட வேகம் அதுதான்.

"அப்படித்தான் சார்" என்றாள் மெல்லிய குரலில். "இந்த வேகம்தான்."

ஐந்து அசைவுகளும் முடிந்து நீண்ட அமர்வு தொடங்கியபோது மணி ஏழு நாற்பத்தாறு. எல்லாரும் கண்களை மூடினார்கள். ஆசிரியை மட்டும் இமைகளைப் பாதி திறந்து, பார்வையைத் தரையில் வைத்து உட்காருவது வழக்கம். ஒன்று. இரண்டு. மூன்று. இருமல் வரவில்லை. எட்டு. ஒன்பது. செருமல் வரவில்லை. பதினான்கு. பதினைந்து. பதினாறாவது மூச்சை அவள் விடும்போது, மூன்றாம் வரிசையில் ஹாரனின் வலது கை முழங்காலிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி அப்படியே கிடந்தது.

அவள் பார்த்தாள். பார்த்ததும் அவள் நெஞ்சில் எழுந்தது பயமே இல்லை. அடங்கிவிட்டார், கடைசியில் மனிதர் அடங்கிவிட்டார் என்ற பூரிப்புதான்.

இருபதாவது மூச்சில் அவர் நெற்றிப்பொட்டில் வியர்வை மினுங்கியது. உடம்பு சூடேறுகிறது, நல்லது என்று எண்ணிக்கொண்டாள். இருபத்துமூன்றில் முகவாய் மார்பைத் தொட்டது. அப்போதுதான் ஏதோ ஒன்று இடறியது. எழுந்து போய்ப் பார்க்கலாமா? இன்னும் நான்குதானே. இருபத்துநான்கு. இருபத்தைந்து. இருபத்தாறு. இருபத்தேழு. கிண்ண மணியைத் தட்டினாள்.

பதினாறு பேர் கண்களைத் திறந்தார்கள். ஹாரன் திறக்கவில்லை. மூன்றாவது விதி அவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தது. எல்லாரும் சத்தமில்லாமல் பாய்களைச் சுருட்டி, நுனிக்காலில் நடந்து அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நம்ம ஹாரன் எங்கயோ போயிட்டாருப்பா" என்று ஒருவர் கிசுகிசுத்தார். இன்னொருவர் கும்பிடுவதுபோல் பாவனை செய்துவிட்டுச் சிரித்தார்.

பக்கத்துப் பாயிலிருந்தவர் ஓய்வு பெற்ற செவிலியர்; எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'. செருப்பை மாட்டப் போனவர் திரும்பி ஹாரனின் முகத்தைக் குனிந்து பார்த்தார். அடுத்த கணம் விதியையெல்லாம் மீறி அவர் கன்னத்தில் தட்டினார்.

"டீச்சர், இது தியானமில்ல. மேல தொட்டுப் பாருங்க, ஜில்லுனு இருக்கு. இவருக்குச் சர்க்கரை இருக்கா?"

"பதிவுப் பாரத்துல இல்லன்னு..."

"பாரத்த விடுங்க. இனிப்பா ஏதாவது குடுங்க. யாராவது! சீக்கிரம்!"

பைகளைத் திறந்து கொட்டினார்கள். வெறும் வயிற்றோடு வந்த பதினேழு பேரின் பைகளில் ஒரு மிட்டாய்கூட இல்லை. ஒருவர் கீழே ஓடி நூலகரின் மேசையிலிருந்து தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கி வந்தார். சிஸ்டர் ஹாரனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரலை நனைத்துச் சர்க்கரையைத் தொட்டு ஈறில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். ஆம்புலன்ஸ் வரப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. நரம்பில் ஊசி ஏறிய பிறகுதான் ஹாரன் கண்ணைத் திறந்து, "எந்த ஸ்டாப்பு?" என்று கேட்டாராம். உடன் போன சிஸ்டர் சொன்ன பிறகுதான் ஆசிரியையால் உட்கார முடிந்தது.

விஷயம் அன்று மாலையே தெரிந்துவிட்டது. பல வருடமாக அவருக்குச் சர்க்கரை நோய்; இரண்டு மாதமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அன்று காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, முதல் விதிக்குக் கட்டுப்பட்டு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். பதிவுப் பாரத்தில் 'நோய் ஏதும் உண்டா' என்ற இடத்தில் அவர் கையெழுத்திலேயே 'இல்லை' என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தவள், வழக்கம்போல் எல்லாவற்றையும் எழுதினாள். 'அமர்வு: 27' என்று எழுதிய கை அதோடு நிற்கவில்லை. அடுத்த வரியையும் எழுதிவிட்டது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கைகழுவிவிட்டு வந்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சூப்பர்வைசரம்மா, பதினாறு, வலக்கை?"

சொன்னாள். பதினாறிலிருந்து பார்த்ததையெல்லாம் சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேற யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்க."

"அப்போ உனக்கும் இந்த நோட்டுக்கும்தான் தெரியும்."

"உங்களுக்கும்."

"நான் ஊமை." நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "லிஃப்ட் நடுவுல நின்னா, உள்ள இருந்தவங்க எத்தன நிமிஷம் மாட்டியிருந்தாங்கன்னு நானும்தான் எழுதறேன். கம்பெனி கேக்குது, எழுதறேன். இத யாரு கேட்டா உன்ன?"

"கேக்கலன்னா நடக்கலன்னு ஆயிடுமா?"

"அப்படிச் சொல்லல." நோட்டைப் புரட்டி முதுகுப்பக்கத்தைத் தடவினார். "கிழிச்சிடுன்னும் சொல்லல. நடுவுல பின் அடிச்ச நோட்டு. ஒரு தாளக் கிழிச்சா அந்தப் பக்கத்துத் தாளும் கழண்டு வரும்."

சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை, நூலகக் குழுவின் செயலாளர் அவளைத் தன் கடைக்கு வரச்சொன்னார். அவர் மருந்துக்கடைக்காரர். ஹாரனின் மகள் எழுத்துமூலம் புகார் கொடுத்திருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் குழு கூடுவதாகவும் சொல்லி, கல்லாவுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார்.

"பாரத்துக்கு மூணு நகல் எடுத்து வச்சிருக்கேன். அவரே 'இல்ல'ன்னு எழுதியிருக்காரு, அவரே கையெழுத்தும் போட்டிருக்காரு. இது போதும். நம்ம பக்கம் ஒரு தப்பும் கிடையாது."

"அந்த முதல் விதி..."

"வெறும் வயித்துல வரச்சொல்லாத யோகா எங்க இருக்கு? அவரு நோயச் சொல்லியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க, சாப்பிட்டு வாங்கன்னு. சொல்லல. அவ்ளோதான்." குரலைத் தாழ்த்தினார். "பாருங்கம்மா, குழுவுல ஏழு பேரு. மூணு பேருக்கு அந்தக் கூடத்த வேற வேலைக்கு விடணும்னு ஆசை. சாக்கு கிடைக்குமான்னு காத்துட்டிருக்காங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மணி அடிச்சீங்க, அவரு கண்ணத் திறக்கல, உடனே உதவி செஞ்சீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் மருத்துவமனைக்குப் போனாள். சர்க்கரை மறுபடி ஒருமுறை இறங்கியதால் ஹாரனை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். நீதிமன்றத்தில் தட்டச்சர்.

"உள்ள வர வேண்டாம். தூங்கறாரு."

"எப்படி இருக்காரு?"

"இருக்காரு." மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டர் ஒரே கேள்விய மூணு தடவ கேட்டுட்டாரு. எவ்ளோ நேரம் நினைவில்லாம இருந்தாருன்னு. எனக்கு என்ன தெரியும்? அப்பாவுக்கு எதுவுமே ஞாபகமில்ல. நாள் பூரா நான் அடுத்தவங்க சொல்றத அப்படியே தட்டச்சு அடிக்கறவ. எங்கப்பா விஷயத்துல மட்டும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. நீங்க சொல்லுங்க. எப்போ மயங்கினாரு?"

நடைகூடத்தில் ஒரு தள்ளுவண்டி கிறீச்சிட்டுக் கடந்தது. அது போகும்வரை காத்திருப்பதுபோல் ஆசிரியை காத்திருந்தாள்.

"மணி அடிச்சப்போ கண்ணத் திறக்கல. உடனே பாத்துட்டோம்."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாரும் கண்ண மூடியிருந்தாங்க."

மகள் தலையசைத்தாள். நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

படிகளில் இறங்கும்போது அவள் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறை. வீட்டில் தனியாக உட்கார்ந்து, கைகளை ஒரு நிமிடம் எடுத்துத் தூக்கி, இறக்கிப் பார்த்தாள். ஆயிரம் முறை சொல்லிக்கொடுத்த அசைவு. பிறகு அசையாமல் உட்கார்ந்தாள். பதினாறாவது மூச்சு வந்ததும் கண் தானாகத் திறந்துகொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி பதினாறில் திறந்தது. சனிக்கிழமையும் அதே கதைதான்.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அதே மேல்மாடிக் கூடம். நீள மேசையின் ஒரு பக்கம் குழுவினர் ஏழு பேர். எதிர்ப்பக்கம் மகள், சிஸ்டர், ஆசிரியை. பாய்கள் சுவரோரம் சுருண்டு நின்றன. செயலாளர் பாரத்தின் நகலை வாசித்தார். 'நோய் ஏதும் உண்டா – இல்லை.' தேதி. கையெழுத்து. மகளின் முகம் சிவந்தது.

"எங்கப்பா பொய் எழுதினாருன்னு எனக்கும் தெரியும்" என்றாள். "வேலை போயிடும்னு எந்த மெடிக்கல் பாரத்திலயும் அவரு உண்மைய எழுதினது கிடையாது. நேத்து கேட்டேன். 'எழுதி எழுதிப் பழகிடுச்சும்மா, கை அதுவா இல்லன்னு எழுதிடுச்சு'ங்கறாரு. அது அவரு தப்பு. நான் கேக்கறது வேற. பதினேழு பேரு இருந்த இடத்துல ஒரு மனுஷன் மயங்கிக் கிடந்திருக்காரு. சுத்தி நடந்து போயிருக்கீங்க. எவ்ளோ நேரம்?"

"அதான் சொன்னாங்களேம்மா" என்றார் செயலாளர். "மணி அடிச்ச உடனே..."

"நான் பாக்கும்போது பாதிப் பேரு பாய் சுருட்டியாச்சு" என்றார் சிஸ்டர். "ஒரு நிமிஷம் போயிருக்கும். அதுல எனக்கும் பங்கு உண்டு. நானும் செருப்பு மாட்டத்தான் போனேன்."

"ஒரு நிமிஷம். சரி, குறிச்சுக்குங்க" என்ற செயலாளர் அவசரமாக அடுத்த தாளைப் புரட்டினார்.

"ஒரு நிமிஷம் இல்ல."

சொன்னது தானா என்று ஆசிரியைக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். செயலாளர் மேசைக்கு அடியில் கையை அசைத்து வேண்டாம் என்று ஜாடை காட்டினார். அவள் பையிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"பதினாறாவது மூச்சுல அவரு கை முழங்கால்லேர்ந்து விழுந்துச்சு. நான் பாத்தேன். எனக்குக் கண் பாதி திறந்திருக்கும், பாத்தேன். அதுக்கப்புறம் பதினோரு மூச்சு எண்ணி முடிச்சுட்டுத்தான் மணி அடிச்சேன்."

"மூச்சுன்னா?" என்று கேட்டாள் மகள்.

"எனக்கு ஒரு மூச்சுக்கு ஒம்பது விநாடி."

மகளின் உதடுகள் அசைந்தன. "தொண்ணூத்தொம்பது விநாடி."

"ஆமா."

"அத்தன நேரமும் எண்ணிட்டா இருந்தீங்க?"

"எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"ஏன்?"

இந்தக் கேள்விக்கான பதிலை நோட்டில் எழுதவில்லை. கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு வருஷமா அவரு ஒரு நாளும் சும்மா உக்காந்ததில்ல. அன்னைக்கு உக்காந்தாரு. கை விழுந்தப்போ... அடங்கிட்டாருன்னு நினைச்சேன். என்னாலன்னு நினைச்சேன். சந்தோஷப்பட்டேன்." அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். "வேர்த்ததையும் பாத்தேன், அதுக்கும் சந்தோஷப்பட்டேன். தலை சாஞ்சப்போ சந்தேகம் வந்துச்சு. இன்னும் நாலுதானேன்னு விட்டுட்டேன். பாய் சுருட்டின நேரம் எல்லாருக்கும் பொது. இந்தப் பதினொண்ணு என்னோடது. வெள்ளிக்கிழமை உங்ககிட்ட இதச் சொல்லல. அதுவும் என்னோடதுதான்."

செயலாளர் பேனாவை மூடி வைத்தார். "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பேசறீங்க" என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

மகள் நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தாள். முந்தைய பக்கத்தைப் பார்த்தாள், அதற்கு முந்தையதையும் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருபத்தேழு. கைபேசியை எடுத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். நோட்டை மூடித் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவர்களை வெளியே உட்காரச்சொல்லிவிட்டுக் குழு நாற்பது நிமிடம் பேசியது. படிக்கட்டில் சிஸ்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முப்பத்தாறு வருஷம் வார்டுல இருந்தேன் டீச்சர். நல்லா தூங்கறாருன்னு நினைச்சுப் போர்வை போத்திவிட்டுப் போன ஆளு எனக்கும் ஒருத்தரு உண்டு."



தீர்மானம், நான்குக்கு மூன்று. வகுப்பை மூட வேண்டாம். நான்கு வாரம் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு தொடங்கும்போது பாரத்தை ஒவ்வொருவரும் ஆசிரியை முன்னால் மறுபடி எழுத வேண்டும். கூடத்து அலமாரியில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். அமர்வின்போது ஆசிரியையோடு இன்னொருவரும் கண் திறந்திருக்க வேண்டும். மூடாமல் இருக்கக் கை தூக்கிய நால்வரில் செயலாளரும் ஒருவர். ஆனால் அதன் பிறகு அவள் அவர் கடைக்கு மருந்து வாங்கப் போனபோதெல்லாம் சில்லறையை மேசைமேல்தான் வைத்தார், கையில் கொடுக்கவில்லை.

நான்கு வாரமும் ஒரு நாளைக்கு ஒரு வீடாகப் போய், பதிவேட்டில் உள்ள இருபத்திரண்டு பேரையும் பார்த்து, நடந்ததைத் தன் வாயாலேயே சொன்னாள். சிலர் தோளைத் தட்டினார்கள். "உங்கள நம்பித்தானே டீச்சர் கண்ண மூடினோம்" என்று ஒரு பெண் கேட்டாள். இருபத்திரண்டாவது வீடு ஹாரனுடையது. மகள் கதவைத் திறந்து, வழிவிட்டு, உள்ளே போய்விட்டாள். ஹாரன் கேட்டுமுடித்துவிட்டுத் தன் வலக்கையை முழங்காலில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"பத்து மூச்சுக்கு மேல நான் சும்மா இருந்தா, அது நான் இல்ல மேடம்" என்றார். "இத நீங்க எழுதி வச்சுக்கணும்."

ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. வகுப்பின் வரிசை எண் 213. கதவில் முதல் விதியும் மூன்றாவது விதியும் கிழிக்கப்பட்டு, பசையின் தடம் மட்டும் இருந்தது. வந்தவர்கள் எட்டுப் பேர். எட்டாவதாக வந்தவர் ஹாரன். ஒரு பன்னைப் பாதி தின்றபடியே படியேறி வந்தார். அவர் எழுதிய புதிய பாரத்தில் 'உண்டு' என்ற சொல் தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்தமாக இருந்தது. மகள் உள்ளே வரவில்லை. வாசலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அசைவுகள் ஐந்தும் முடிந்தன. சிஸ்டர் கண் திறந்தபடி பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆசிரியையின் பார்வை தரையில் இல்லை. எட்டு முகங்களின்மேல் மாறி மாறி நின்றது. ஒன்று. வாசலில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு. தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, யாரும் சிரிக்கவில்லை. மூன்று. ஹாரன் இருமவில்லை. நான்கு. செருமவில்லை. ஐந்து. ஆறு. ஹாரனின் வலது கை முழங்காலிலிருந்து நழுவியது.

அவள் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பாய்களை மிதித்துத் தாண்டிப் போய், அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சார்! சார்!" வாசல் நாற்காலி கவிழ்ந்து விழுந்த சத்தம் கேட்டது.

ஹாரன் ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொரு கண்ணையும் திறந்தார். மற்ற ஏழு பேரும் கண் திறந்து தன்னையே பார்ப்பதைப் பார்த்தார்.

"மேடம்" என்றார், கணுக்காலைச் சொறிந்துகொண்டே. "கொசு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிஸ்டராக இருக்கலாம். மகள் வாசற்கதவைப் பிடித்தபடி நின்றாள். சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா என்று சொல்ல முடியாது. ஆசிரியை பாயின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எண்ணிக்கையை எங்கே விட்டாள் என்பது நினைவிருந்தது, அங்கிருந்து தொடரவில்லை. ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கவும் இல்லை. கிண்ண மணியைத் தட்டி வகுப்பை முடித்தாள்.

வீட்டுக்கு வந்து நீல அட்டை நோட்டைத் திறந்து, தேதியும் வருகையும் அசைவுகளும் எழுதி, கடைசி வரியை எழுதினாள்.

அமர்வு: 6.